பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துச் செய்யும் பிள்ளை: பாலர் பள்ளியில் மொழிக் குறைபாட்டைச் சலித்தெடுக்கும் முறை

"எல்லாரும் பைய எடுத்துக்கிட்டு வரிசையா நில்லுங்க" என்று ஆசிரியர் சொன்னதும் வகுப்பே எழுந்து நிற்கிறது. அவர்களில் ஒருவனுக்கு அந்த வாக்கியத்தில் பாதிகூட விளங்கவில்லை. பக்கத்தில் இருப்பவன் பையை எடுத்தான், இவனும் எடுத்தான். அவன் நின்றான், இவனும் நின்றான். சேட்டை இல்லை, அழுகை இல்லை, ஆகவே 'நல்ல பிள்ளை' என்று பெயர். தொடக்கப்பள்ளி முதலாம் ஆண்டில் வாசிப்பு ஏறாதபோதுதான் இவன் பக்கம் கண் திரும்புகிறது. அப்போதும் 'சோம்பேறி' என்றுதான் முதலில் சொல்வார்கள்.

பாலர் பள்ளியில் மொழிச் சோதனை என்றதும் உச்சரிப்புத் தெளியாத பிள்ளைகளைத்தான் முதலில் பொறுக்கி எடுக்கிறோம். ஆனால் நம் கையிலிருந்து நழுவுவது இந்த அமைதியான பிள்ளை. மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரத்தில் பாலர் பள்ளிக்குப் புதிதாக வந்த ஆசிரியர், மாணவர் மேலாண்மை உதவியாளர், கைகொடுக்க வரும் பெற்றோர் ஆகியோருக்காக எழுதப்பட்டது இது. கையாளப்போவது 5, 6 வயதுப் பிள்ளைகளை.

எதைத் தேடுகிறோம்

'ரயில்' என்பதை 'லயில்' என்று சொல்லும் பிள்ளைக்கு இருப்பது உச்சரிப்புச் சிக்கல். நாக்கு இன்னும் பழகவில்லை. 'நேத்து நான் பாட்டி வீட்டுக்குப் போனேன்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'நான் பாட்டி வீடு போ' என்று நிறுத்திவிடும் பிள்ளை, ஒலியெல்லாம் சுத்தமாக இருந்தாலும், மொழிச் சிக்கல் உள்ள பிள்ளையாக இருக்கலாம். சொல்லைக் கற்பது, வாக்கியம் கட்டுவது, கேட்டதை விளங்கிக்கொள்வது ஆகியவற்றில் நீடித்து நிற்கும் சிரமமே மொழிக் குறைபாடு. கேள்திறன் குறைவு, ஆட்டிசம் போன்ற வேறு காரணம் தெரியாமல் இது இருந்தால் 'வளர்ச்சிசார் மொழிக் குறைபாடு' என்ற பெயரைப் பயன்படுத்த ஆங்கிலம் பேசும் நாடுகளின் வல்லுநர் குழு ஒன்று 2017இல் இணக்கம் கண்டது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பள்ளி தொடங்கும் வயதினரிடையே நடந்த பெரிய ஆய்வுகளில் இது ஏறத்தாழ 7 விழுக்காட்டினரிடம் காணப்பட்டது. அந்தக் கணக்குப்படி 25 பேர் உள்ள வகுப்பில் ஒருவரோ இருவரோ இருப்பார்கள்.

வீட்டில் தமிழ், பக்கத்து வீட்டாரோடு மலாய், கைப்பேசியில் ஆங்கிலம் என்று மூன்று மொழி கேட்டு வளர்வதால் இக்குறைபாடு வருவதில்லை. இருந்தால் எல்லா மொழியிலும் இருக்கும். தமிழில் நன்றாகப் பேசி மலாயில் மட்டும் தடுமாறும் பிள்ளைக்குத் தேவை மலாய்ப் பழக்கம்தான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2024இல் இதை மறுபடி ஆராய்ந்தது. யாருக்கும் கவலை எழாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் அனைவரையும் சோதிப்பதால் கிடைக்கும் நன்மை தீமையை எடைபோடச் சான்று போதாது என்றது. ஆகவே 25 பேரையும் உட்காரவைத்து அரை மணி நேரம் குடைய வேண்டாம். எல்லாருக்கும் ஐந்து நிமிடச் சுற்று ஒன்று, அதில் தங்கியவர்களுக்கு மட்டும் நீண்ட சுற்று ஒன்று. ஒரு வகுப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் ஆசிரியரால் செய்ய முடிவதும் அவ்வளவுதான்.

தொடங்கும் முன்

பள்ளி திறந்து ஆறிலிருந்து எட்டு வாரம் போகட்டும். முதல் மாதத்தில் வாய் திறக்காத பிள்ளைகள் பலர் கூச்சத்தால்தான் அப்படி இருக்கிறார்கள்.

பிறந்த தேதியைப் பார்த்து வயதை ஆண்டு, மாதமாகக் கணக்கிட்டு எழுதுங்கள். நம் நாட்டில் 'ஆறு வயது வகுப்பு' என்பது காலண்டர் கணக்கு. மார்ச் மாதம் சோதித்தால், ஜனவரியில் பிறந்தவளுக்கு 6 ஆண்டு 2 மாதம், அதே வகுப்பில் டிசம்பரில் பிறந்தவனுக்கு 5 ஆண்டு 3 மாதம். இந்த வயதில் 11 மாதம் என்பது பெரிய இடைவெளி. ஆண்டுக் கடைசியில் பிறந்த பிள்ளைகளை வீணாகச் சந்தேகிப்பதற்குப் பெரும்பாலும் இந்தக் கணக்குப் பிழைதான் காரணம்.

பெற்றோரிடம் கையொப்பமிட்ட ஒப்புதல் வாங்குங்கள். குரலைப் பதிவு செய்யப்போவதையும் அதில் எழுதுங்கள்.

இடம் அமைதியாக இருக்க வேண்டும். தகரக் கூரையில் மழை விழும் நேரத்திலும், ஆலைக்குப் போகும் செம்பனை லாரிகள் வாசலில் உறுமும் நேரத்திலும் சோதிப்பது வீண். பசியாறிய பிறகு, 11 மணிக்குள் முடித்துவிடுங்கள். மின்விசிறி சத்தம் போட்டால் அதையும் நிறுத்துங்கள். உங்களுக்குப் பழகிய சத்தம், ஆனால் மெல்லிய மெய்யொலிகளை அது தின்றுவிடும்.

பொருள்கள் எல்லாம் இரண்டு ரிங்கிட் கடையிலேயே கிடைக்கும்: ஒரு கரண்டி, ஒரே மாதிரி இரண்டு கப், பந்து, பொம்மைச் சப்பாத்து, சின்னக் காடி (கார்), மூடியுள்ள பெட்டி, நீளமும் குட்டையுமாக இரண்டு பென்சில், பொம்மைப் பூனை, பொம்மை நாய். குரல் பதிவுக்கு ஒரு கைப்பேசி.

முதல் சுற்று: புரிகிறதா, பார்த்துச் செய்கிறதா

பிள்ளையைத் தனியாக அழைத்து உட்காரவையுங்கள். பார்த்துச் செய்யப் பக்கத்தில் ஆளே இருக்கக் கூடாது. இந்தச் சுற்றின் பலன் பாதி அதிலேயே இருக்கிறது.

பொருள் ஒவ்வொன்றையும் காட்டி 'இது என்ன?' என்று கேளுங்கள். பிள்ளை கரண்டியை மலாயில் 'சுடு' என்றால் நீங்களும் 'சுடு' என்றே சொல்லுங்கள். நாம் சோதிக்கப்போவது கரண்டி என்ற சொல்லை அல்ல. 'உள்ள', 'மேல', 'இல்லாத', 'முன்னால' போன்ற சொற்களையும் வேற்றுமை உருபுகளையும்தான். பிறகு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு பிள்ளையின் முகத்தை மட்டும் பார்த்துப் பேசுங்கள். பொருளைப் பார்க்கக் கூடாது, தலையால் சாடை காட்டக் கூடாது. இது எழுத்தில் எளிது, செய்யும்போது கடினம். பிள்ளையின் கை தவறான பொருள்பக்கம் போனால் நம் கண் தானாகச் சரியானதைத் தேடும். பிள்ளை அதைப் பிடித்துக்கொள்வான். சக ஆசிரியர் ஒருவரிடம் இரண்டு முறை ஒத்திகை பார்த்தபின் தொடங்குவது நல்லது.

கட்டளைகள் பேச்சுத் தமிழில் இருக்கட்டும். 'பந்தினைப் பெட்டியின் மேல் வைப்பாயாக' என்று கேட்டால் சோதிக்கப்படுவது எழுத்துத் தமிழ்ப் பழக்கம்.

பந்த எடு. இது பழக்கத்துக்கு, கணக்கில் சேராது. பிறகு: சப்பாத்த கப்புக்குள்ள போடு. கரண்டிய பொட்டிக்கு மேல வை. குட்ட பென்சில எங்கிட்ட குடு. பந்த எடுக்காத, காடிய எடு. மொதல்ல கப்ப தொடு, அப்பறம் பொட்டிய தொடு. இதோடு ஐந்து. அடுத்தது கொஞ்சம் கடினம், ஒரு கப்பில் பென்சிலைப் போட்டு வைத்துக்கொண்டு கேட்க வேண்டும்: பென்சில் இல்லாத கப்ப எடு. கடைசி இரண்டு: காடிய தொடறதுக்கு முன்னால பந்த தொடு. பூனைய நாய் தள்ளுது, எப்படின்னு காட்டு.

சப்பாத்தைக் கப்புக்குள் போடச் சொல்வது வேடிக்கைக்காக அல்ல. 'கரண்டிய கப்புக்குள்ள போடு' என்றால் மொழி தெரியாதவனும் சரியாகச் செய்வான். கரண்டிக்குக் கப்பைவிட்டால் வேறு இடம் ஏது? உலக வழக்கத்தை வைத்து ஊகிக்க முடியாத கட்டளைதான் காதில் விழுந்த சொல்லைச் சோதிக்கும். புதியவர்கள் தயாரிக்கும் பட்டியல்களில் இந்த ஓட்டைதான் அதிகம்.

பூனை, நாய் வாக்கியம் தமிழுக்கே உரியது. தமிழில் சொற்களின் வரிசையை மாற்றலாம். யார் தள்ளுகிறார், யார் தள்ளப்படுகிறார் என்பதைச் சொல்வது 'பூனைய' என்பதில் உள்ள இரண்டாம் வேற்றுமை உருபு. அந்த உருபைப் பிடிக்காத பிள்ளை முதலில் கேட்ட பூனையைக் கொண்டு நாயைத் தள்ளும். ஆனால் ஐந்தரை வயதுக்குக் கீழ் உள்ளவர் இதில் தவறினால் குறித்து வையுங்கள், குறையாகக் கொள்ள வேண்டாம். இது கடினமான வாக்கியம்.

கட்டளையை ஒருமுறை சொல்லுங்கள். பிள்ளை விழித்தால் ஒரேயொரு முறை திரும்பச் சொல்லி, திரும்பச் சொன்னதைக் குறியுங்கள். எளிய ஐந்தில் இரண்டுக்கு மேல் தவறுபவர் அடுத்த சுற்றுக்குப் போகட்டும். ஆசிரியரோ வீட்டாரோ ஏற்கெனவே கவலைப்படும் பிள்ளைகள், எல்லாம் சரியாகச் செய்தாலும், கூடவே போகட்டும். இந்த எண்ணிக்கை வேலையைப் பிரித்துக்கொள்ள வைத்த கோடுதான், இதை வைத்து எந்தப் பிள்ளைக்கும் பெயர் சூட்ட முடியாது. நாளுக்கு ஐந்து பேர் என்று வைத்தால் 25 பேரை ஐந்து காலைப்பொழுதில் முடிக்கலாம்.

வீட்டாரிடம் கேட்பது

எந்தத் தாளையும்விட வீட்டார் சொல்லுக்குக் கனம் அதிகம், சரியான கேள்வியைக் கேட்டால். 'உங்க பிள்ளைக்கு நாம பேசறது புரியுதா?' என்று கேட்டால் 'எல்லாம் நல்லாப் புரியும் டீச்சர்' என்ற பதில்தான் வரும். அது பொய்யில்லை. வீட்டில் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டுதான் 'சாப்பிட வா' என்கிறோம். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டுதான் 'குளிக்கப் போலாம்' என்கிறோம். ஆகவே இப்படிக் கேளுங்கள்: 'நீங்க அடுப்படியில இருந்துக்கிட்டு, கையால காட்டாம, "ரூம்ல கட்டிலுக்குக் கீழ இருக்கற சிவப்புத் துணிய எடுத்துட்டு வா"ன்னு சொன்னா கொண்டு வருவானா?' பதில் சொல்லும் முன் அம்மா யோசித்தால் கேள்வி சரியான இடத்தில் பட்டிருக்கிறது.

பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் பிள்ளையின் பேச்சை நன்றாக அறிந்தவர் பாட்டியாக இருக்கலாம், பார்த்துக்கொள்ளும் அக்காவாக இருக்கலாம். பகலில் யாரிடம் இருக்கிறானோ அவரையும் கேளுங்கள். ஒரு காலத்தில் தோட்டத்து ஆயாக் கொட்டகையில் ஆயாவுக்குத் தெரியாதது இல்லை. இப்போது அந்த இடத்தில் யார் இருக்கிறார் என்று கேட்டறிய வேண்டியிருக்கிறது.

முதல் சொல் எப்போது வந்தது, இரண்டு சொல்லைச் சேர்த்து 'அம்மா வா', 'பால் குடு' என்று எப்போது சொன்னான் என்று கேளுங்கள். தேதி நினைவில்லாவிட்டால் தீபாவளியையோ தைப்பூசத்தையோ வைத்துக் கேட்டால் நினைவு வரும்: 'ரெண்டாவது தீபாவளிக்குப் பேசிக்கிட்டு இருந்தானா?' இரண்டு வயதில் 50 சொல்கூட இல்லாமல், இரண்டு சொல்லைச் சேர்க்காமல் இருந்தவர்களைத் தாமதமாகப் பேசுபவர்கள் என்பார்கள். அவர்களில் பலர் பிறகு எட்டிப்பிடித்துவிடுவார்கள். ஐந்து வயதிலும் பின்தங்கியே இருப்பவரை 'அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு' என்று சொல்லி விட்டுவிடக் கூடாது. அப்பா தாமதமாகப் பேசியதும் குடும்பக் கூறு என்றே பதிவாக வேண்டும். வாசிப்பில் திண்டாடியவர் வீட்டில் உண்டா என்பதையும் பதமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சொற்களை எண்ணும்போது எல்லா மொழிச் சொல்லையும் சேர்த்து எண்ணுங்கள். மலாயில் 'சூசு' என்று சொல்லத் தெரிந்து 'பால்' தெரியாத பிள்ளைக்கும் அந்தப் பொருளுக்குச் சொல் இருக்கிறது. தமிழ்ச் சொல்லை மட்டும் எண்ணினால் பாதிப் பிள்ளையைத்தான் பார்க்கிறோம்.

எல்லாவற்றிலும் பலன் தரும் கேள்வி ஒப்பீட்டுக் கேள்விதான்: 'அண்ணன் இதே வயசுல எப்படிப் பேசினான், இவன் எப்படிப் பேசறான்?' ஒரே வீடு, அதே மொழிகள். வேறுபாடு பெரிதாக இருந்தால் மொழிச் சூழலைக் குறை சொல்ல இடமில்லை.

இவற்றில் எது வந்தாலும் சோதனையெல்லாம் முடியக் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் அனுப்புங்கள்: முன்பு பேசிய சொற்களை இழந்துவிட்டான், பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை, கேட்ட கேள்வியையே திருப்பிச் சொல்கிறான், வலிப்பு வந்திருக்கிறது, ஐந்து வயதாகியும் மூன்று சொல் வாக்கியம் வரவில்லை. வீட்டில் வாயாடி, பள்ளியில் மாதக்கணக்கில் ஒரு சொல் இல்லை என்றால் அது வேறு வகை. அந்தப் பிள்ளையைப் பேசச்சொல்லிச் சோதிக்கவே வேண்டாம். வீட்டில் பேசுவதை அம்மாவைக் கைப்பேசியில் பதிவு செய்யச் சொல்லி, அதைக் கேட்டு, மருத்துவரிடம் அந்த விவரத்தோடு அனுப்புங்கள்.

காது

சல்லடையில் தங்கிய ஒவ்வொரு பிள்ளைக்கும் முறையான காதுச் சோதனை தேவை, விதிவிலக்கு இல்லை. சளி பிடித்தபின் நடுக்காதில் நீர் தேங்கினால் வலியும் இருக்காது, சீழும் வராது. கேட்பது மட்டும் மங்கிப்போகும், அதுவும் ஒரு வாரம் மங்கி மறுவாரம் தெளியும். 'கூப்பிட்டா திரும்பறானே' என்பது போதாது. உயர்ந்த ஒலிகளில் மட்டும் குறை உள்ளவர் குரல் கேட்டுத் திரும்புவார், 'ஸ்', 'ஷ்' காதில் விழாது.

வகுப்பில் செய்யக்கூடிய தோராயமான சோதிப்பு ஒன்று உண்டு. வாயைத் தாளால் மறைத்துக்கொண்டு ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்ற ஆறு ஒலிகளை வழக்கமான குரலில், ஒழுங்கில்லாத இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். கேட்டதும் பெட்டிக்குள் பென்சில் போட வேண்டும். 'ஸ்'ஸுக்குக் கை அசையவில்லை என்றால் கடிதத்தில் எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் அசைந்தாலும் காதுச் சோதனைக்கு அனுப்புவது அனுப்புவதுதான்.

இரண்டாம் சுற்று: பேச வைத்துக் கேட்பது

ஒரு பிள்ளைக்கு 25 நிமிடம். நான்கைந்து படங்கள் உள்ள சொல்லில்லாக் கதை ஒன்றைக் காட்டிக் கதை சொல்லச் சொல்லுங்கள், பதிவு செய்யுங்கள். 'இது என்ன? அது என்ன?' என்று கேட்டால் ஒற்றைச் சொல்தான் வரும். 'அப்பறம்?' என்று மட்டும் கேட்டுவிட்டுப் பத்து நொடி காத்திருங்கள். அந்தப் பத்து நொடி மௌனத்தைப் புதியவர்களால் தாங்க முடிவதில்லை, தாங்களே பதிலைச் சொல்லிவிடுகிறார்கள்.

20 வாக்கியம் கிடைத்தால் போதும். அன்றே எழுதிப் பாருங்கள், மறுநாள் பதிவைக் கேட்டால் பாதி விளங்காது. ஆங்கிலக் கையேடுகள் வாக்கியத்துக்கு எத்தனை சொல் என்று எண்ணச் சொல்லும். தமிழில் அந்த எண் நம்மை ஏமாற்றும். 'வந்துக்கிட்டிருந்தாங்க' என்பது ஒரே சொல், அதற்குள் காலமும் இடமும் (தன்மையா, முன்னிலையா, படர்க்கையா என்பது) பன்மையும் அடங்கியிருக்கின்றன. எனவே விகுதிகளைப் பாருங்கள். தமிழ்க் குழந்தைகள் வினைவிகுதிகளை இரண்டு வயதை ஒட்டியே போடத் தொடங்குபவர்கள். ஐந்து வயதில் 'நான் சாப்பிட்டான்' என்பதும், 'பொட்டிக்குள்ள பந்து இருக்கு' என்பதற்குப் பதில் 'பொட்டி பந்து' என்பதும், 'விழுந்துட்டு அழுதான்' என்று இரண்டு செயலைக் கோக்காமல் 'விழுந்தான். அழுதான்.' என்று எப்போதும் துண்டுதுண்டாகச் சொல்வதும் கவனிக்க வேண்டியவை. 'அது', 'இது', 'அப்படி' என்ற சொற்களாலேயே கதை முழுவதையும் ஓட்டுவதும் அப்படியே.

பேச்சு வழக்கைப் பிழையாக எண்ணிவிடாதீர்கள். 'அக்கா வந்துச்சு' என்பது நம் பேச்சில் இயல்பு. மலாய்ச் சொல் கலப்பதும் குறைபாடு இல்லை. 'பொத்தோல்ல தண்ணி இல்ல' என்று சொல்லும் பிள்ளை, மலாய்ச் சொல்லோடு தமிழ் உருபைச் சரியாகச் சேர்த்திருக்கிறது. இலக்கணம் உள்ளே நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அடுத்து, வாக்கியம் திருப்பிச் சொல்லல். 'அம்மா கடைக்குப் போனாங்க.' 'தம்பி கீழ விழுந்துட்டு அழுதான்.' 'மழ பெஞ்சதால நாங்க வெளயாடப் போகல.' 'பாட்டி வாங்கிக் குடுத்த பந்து காணாமப் போயிருச்சு.' இப்படிச் சிறிதிலிருந்து பெரிதாக எட்டு வாக்கியம். பிழையே இல்லை என்றால் 3, ஒரு பிழைக்கு 2, இரண்டு மூன்று பிழைக்கு 1, அதற்கு மேல் 0. உச்சரிப்புப் பிழையைக் கழிக்காதீர்கள். இது வெறும் கிளிப்பிள்ளைப் பாடம் போலத் தோன்றும். நீண்ட வாக்கியத்தை ஒலியாக மட்டும் மனத்தில் பிடித்துவைக்க முடியாது, விளங்கிக்கொண்டு தன் இலக்கணத்தால் மறுபடி கட்டித்தான் சொல்ல முடியும். அதனால்தான் இந்தச் சோதனை பல மொழிகளில் நன்றாகப் பிரித்துக் காட்டுகிறது.

பொருளில்லாச் சொல்லைத் திருப்பிச் சொல்வது இன்னொன்று: கேமூ, நேபு, லபீடு, நோதிகு, திமோலேபா, நாபீகுதோ. பிள்ளை எந்த மொழியில் வளர்ந்தாலும் இவற்றை முன்பே கேட்டிருக்காது என்பதே இதன் பலம். தமிழ் எழுத்தில் இதற்கு ஒரு வில்லங்கம் உண்டு. 'கு' என்பதை ஒருவர் வல்லொலியாகவும் மற்றவர் மெல்லவும் வாசிப்பார்கள், பிள்ளைக்குப் பிள்ளை சோதனை மாறிவிடும். ஒருவர் குரலில் ஒருமுறை பதிவு செய்து அதையே எல்லாருக்கும் போடுங்கள். அசைக்கு ஒரு மதிப்பெண். இரண்டசைச் சொல்லைச் சொல்லி நான்கசையில் உடைந்துபோகும் பிள்ளையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, சொல்லிக்கொடுத்துப் பார்ப்பது. நேரமில்லை என்று எல்லாரும் விடுவது இதைத்தான், விடக்கூடாததும் இதுதான். பிள்ளைக்குத் தெரியாத மூன்று பொருள்களைக் கொண்டுவாருங்கள். முறம், உழக்கு, துருவி போன்றவை இன்றைய பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் புதியவை. பத்து நிமிடம் விளையாட்டாகச் சொல்லிக்கொடுங்கள், பெயர் ஒவ்வொன்றும் எட்டுப் பத்துத் தடவை காதில் விழட்டும். மறுநாள் கேளுங்கள். வீட்டில் பேச ஆளில்லாமல் சொல்வளம் குறைந்த பிள்ளை இரண்டையாவது பிடித்திருக்கும். அத்தனை தடவை கேட்டும் ஒன்றும் ஒட்டாத பிள்ளையிடம், கற்கும் வழியிலேயே சிரமம் இருக்கக்கூடும். மற்றச் சோதனைகள் பிள்ளைக்கு இதுவரை என்ன கிடைத்தது என்பதைத்தான் பெரும்பாலும் அளக்கின்றன.

எப்போது அனுப்புவது

ஆங்கிலச் சோதனைத் தாளை மொழிபெயர்த்து அதன் வெட்டுப்புள்ளியையும் (எந்த மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் அனுப்புவது என்ற கோட்டையும்) எடுத்துக்கொள்வது பெரிய தவறு. அங்கே கடினமான இலக்கணம் தமிழில் எளிதாக இருக்கும், இங்கே கடினமானது அந்தத் தாளில் இருக்காது. எனவே ஒற்றை எண்ணை நம்பாமல் மூன்று பக்கச் சான்றைப் பாருங்கள்: வீட்டார் சொன்னது, வகுப்பில் ஆசிரியர் பார்த்தது, இரண்டு சுற்றிலும் கிடைத்தது. மூன்றில் இரண்டு ஒத்துப்போனால் அனுப்புங்கள். ஒன்று மட்டும் என்றால் ஆறு வாரம் வகுப்பில் உதவி செய்துவிட்டு மறுபடி பாருங்கள்.

தவறாக அனுப்பிவிட்டோமோ என்று மனம் உளைய வேண்டாம், கணக்கே அப்படித்தான். நூறு பிள்ளைகளில் ஏழு பேருக்குக் குறைபாடு என்று கொள்வோம். குறை உள்ள பத்துப் பேரில் எட்டுப் பேரைப் பிடித்து, குறை இல்லாத பத்துப் பேரில் எட்டுப் பேரைச் சரியாக விட்டுவிடும் நல்ல சல்லடை ஒன்று கையில் இருந்தாலும், சுமார் 24 பேர் அதில் தங்குவார்கள். அவர்களில் உண்மையாகக் குறை உள்ளவர் ஆறு பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள். ஆகவே பெற்றோரிடம் 'உங்கள் பிள்ளைக்கு மொழிக் குறைபாடு' என்று சொல்லும் உரிமை நமக்கில்லை.

சொல்வதும் அனுப்புவதும்

வாசலில் பிள்ளையை அழைத்துப்போக வந்தவரிடம், மற்றப் பெற்றோர் நிற்கும்போது சொல்லாதீர்கள். உட்காரவைத்து, முடிந்தால் அப்பாவும் இருக்கும் நேரத்தில், பிள்ளையால் முடிவதை முதலில் சொல்லி, பிறகு பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: 'தனியா உக்கார வச்சு ஒரு வேல சொன்னா அவனுக்கு விளங்க மாட்டேங்குது மா. காது நல்லாக் கேக்குதான்னு மொதல்ல பாத்துடுவோம்.' மந்தம், ஊமை போன்ற சொல் வாயில் வரவே கூடாது. ஓ.கே.யூ. அட்டை, அதாவது மாற்றுத்திறனாளி அட்டை, பற்றிய பயம் உடனே எழும். அந்தப் பதிவு பெற்றோர் விரும்பி விண்ணப்பித்தால்தான், சோதனைக்குப் போனதால் தானாக வராது என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

கடிதத்தை மலாயில் எழுதுங்கள், ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். வயது ஆண்டு மாதத்தில், வீட்டில் எந்த மொழி எவ்வளவு நேரம், புரிதலில் என்ன நடந்தது, பிள்ளை சொன்ன இரண்டு மூன்று வாக்கியங்கள் அப்படியே, மலாய் விளக்கத்தோடு. 'பேச்சு மெதுவாக வருகிறது' என்று மட்டும் எழுதினால் 'வளர்ந்தால் சரியாகும்' என்று திரும்பி வர வாய்ப்புண்டு. கேட்க வேண்டியதைக் கேளுங்கள்: காதுச் சோதனையும், பேச்சு மொழிச் சிகிச்சையாளர் மதிப்பீடும்.

முதல் படி அரசாங்கச் சுகாதாரக் கிளினிக். பிறந்ததிலிருந்து பதிவான சுகாதாரப் புத்தகத்தை எடுத்துப்போகச் சொல்லுங்கள், 18 மாதத்தில் செய்த வளர்ச்சிச் சோதிப்பு அதில் இருக்கும். அங்கிருந்து மருத்துவ அதிகாரி எழுதிக்கொடுத்தால் 30 கிலோமீட்டர் தள்ளி ஈப்போவில் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்குப் போகலாம். குடிமக்களுக்குக் கட்டணம் சொற்பம். செலவு வேறு இடத்தில் இருக்கிறது: குலை எண்ணிக் கூலி வாங்குபவருக்கு ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போச்சு. காதுச் சோதனையையும் சிகிச்சையாளரையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா என்று தேதி வாங்கும்போதே கேட்கச் சொல்லுங்கள். தேதியை உங்கள் புத்தகத்திலும் எழுதி, முந்தின நாள் நினைவூட்டுங்கள். கடிதம் கொடுத்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பதால் பாதி முயற்சி அலமாரியிலேயே கிடக்கிறது.

காத்திருக்கும் மாதங்கள்

தேதி கிடைக்க மாதங்கள் ஆகலாம். 'வீட்டுல தமிழ நிறுத்திட்டு மலாய் மட்டும் பேசுங்க' என்று யாராவது அறிவுரை சொல்வார்கள். வேண்டாம். அம்மாவுக்கும் பாட்டிக்கும் சரளமாக வரும் மொழியில் பேசினால்தான் பிள்ளை காதில் முழு வாக்கியம் விழும். தெரியாத மொழியில் பேச முயன்றால் வீட்டில் பேச்சே குறைந்துவிடும்.

வகுப்பில், கட்டளையைச் சொல்லும் முன் பெயரைச் சொல்லி அழையுங்கள். நீண்ட கட்டளையை இரண்டாக உடையுங்கள். பிள்ளை 'தண்ணி கப்' என்றால் திருத்தாமல், 'ஆமா, கப்புல தண்ணி இருக்கு' என்று நீட்டிச் சொல்லுங்கள். 'அப்படிச் சொல்லு பாப்போம்' என்று வற்புறுத்த வேண்டாம். பையை எடுக்கும் கட்டளையை வாரத்தில் ஒரு நாள் அந்தப் பிள்ளையிடம் முதலில், தனியாகச் சொல்லிப் பாருங்கள். மாற்றம் வருகிறதா என்பது அங்கேதான் தெரியும்.

ஆண்டு முடிவில் அந்த ஒரு பக்கக் குறிப்பின் நகலை, பெற்றோர் சம்மதத்தோடு, முதலாம் ஆண்டு ஆசிரியர் கையில் நேரடியாகக் கொடுங்கள். இல்லையென்றால் வாசிப்பு வராத பிள்ளை என்று குறைநீக்கல் வகுப்புக்குப் போவான். அங்கே எழுத்தைச் சொல்லித்தருவார்கள். சொல்வது அவனுக்கு விளங்குகிறதா என்று பார்க்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்காது.